மரவள்ளிக் கொத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தில், என்னோடு வளர்ந்த உங்களில் சிலர் இப்போது கோத்தகிரிப் பக்கம் இருக்கிறீர்கள். சிலர் திருச்சியில், சிலர் வவுனியாவில், ஒன்றிரண்டு பேர் கொழும்பில். எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மூட்டு வலியும் சர்க்கரையுமாகக் காலம் போகிறது. ஆனாலும் ஒரு சத்தத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அரிசி கிடைக்காத அந்த வருடத்தில், பின்னேரம் ஐந்து மணி வாக்கில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவிலிருந்து தகரத்தில் இரும்பு அடிபடுகிற சத்தம் கேட்கும். டக்கடக் டக்கடக் என்று லயத்தின் கடைசிவரை கேட்கும். பீங்கானைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவீர்கள்.

பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுபோனது. ஏன் நின்றது என்று உங்களுக்கெல்லாம் ஒரு கதை தெரியும். அதைக் கடல் தாண்டியும் கொண்டுபோய்விட்டீர்கள். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு ஆறு. அம்மா இறந்து ஒன்றரை வருடத்தில் அப்பா சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அப்புத்தளை டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டும் வெங்காயம் உரித்துக்கொண்டும் இருந்தவள். எங்கள் தோட்டத்துக்கு வந்த பிறகுதான் கொழுந்து பறிக்கப் பழகினாள். அதனால் அவள் கூடை எப்போதும் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே நிறையும். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, இதை ஒவ்வொரு நாளும் யாரிடமாவது சொல்லுவாள். "கடைக்காரி. கையில வேலை இல்ல, வாயில ருசி மட்டும் இருக்கு."

அந்த வருடம் முழுக்கப் பயம்தான். கூப்பன் அரிசி பாதியாகி, பிறகு அதிலும் பாதியானது. மாவு வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பாண் ரொட்டிக்காக விடிவதற்கு முன்னால் எழுந்து அப்புத்தளைக்கு ஏறிப்போய் வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஹல்துமுல்லைப் பக்கமிருந்து பெரிய ரோட்டு வழியாகக் குடும்பம் குடும்பமாகச் சிலர் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். எந்தத் தோட்டத்துக்காரர்கள், எங்கே போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சோறு கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு காலையில் மதகுப் பக்கம் ஒரு கிழவர் உட்கார்ந்தபடியே இறந்துகிடந்தார். ஈ மொய்த்திருந்த அவருடைய காலை நான் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு வயிறு காந்தும்போதெல்லாம் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வரும்.

எங்களுக்கு இருந்தது மரவள்ளிக் கிழங்கு. லயத்துக்குப் பின்னால் சரிவெல்லாம் மரவள்ளிதான். காலையில் அவித்தது, மத்தியானம் அவித்தது, இரவு அவித்தது. தம்பி ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டுவிட்டான். கிழங்கை வாயில் வைத்தால் அப்படியே வெளியே வரும். அவன் விலா எலும்பை நான் எண்ணிப் பார்ப்பேன். அப்பா ஃபெக்டரியிலிருந்து வந்ததும் முதலில் கேட்பது, "பய தின்னானா?" என்பதுதான். நான் மீந்த கிழங்கைக் காட்டுவேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், குடியுரிமைப் பத்திர விஷயமாக அப்பா எங்களையெல்லாம் பதுளைக்கு அழைத்துப் போயிருந்தார். நாள் முழுக்க ஒரு ஆபீஸ் வாசலில் நின்றோம். திரும்பி வரும்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முஸ்லிம் நானா ஒருவரின் ஹோட்டல் இருந்தது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அங்கே கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். பெரிய இரும்புத் தட்டில் ரொட்டியைப் போட்டு, இரண்டு கையிலும் இரண்டு தகடு பிடித்து அவர் கொத்துகிற வேகத்தைத் தம்பி வாய் பிளந்து பார்த்தான். அப்பா ஒரே ஒரு பார்சல் வாங்கினார். நாலு பேரும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, மடியில் வாழை இலையை விரித்துச் சாப்பிட்டோம். இலையும் பழைய பேப்பரும் எண்ணெயும் சேர்ந்த அந்தச் சூடான மணம் பஸ் முழுக்க நின்றது. தம்பி இலையை நக்கினான். அப்பா அவனை அதட்டவில்லை.

சின்னம்மாவுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கிழங்கை அவித்து மசித்து, இருந்த ஒரு பிடி கூப்பன் மாவைச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய ரொட்டிகளாகத் தட்டிச் சுட்டாள். அவை ஆறிக் கொஞ்சம் இறுகும்வரை காத்திருந்தாள். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி விரித்து அடுப்பின்மேல் வைத்தாள். அப்பா கொண்டுவந்து கொடுத்த இரண்டு இரும்புப் பட்டைத் துண்டுகளைக் கையில் எடுத்தாள். வெங்காயத் தாள், கோவா என்கிற முட்டைக்கோஸ், பச்சை மிளகாய், ஒரு துண்டுக் கருவாடு. பிறகு கொத்த ஆரம்பித்தாள். கடைசியில் கொஞ்சம் ஆணத்தை, அதாவது குழம்பை, ஊற்றி இன்னும் கொத்தினாள். நெருப்பில் வாட்டிய இலையில் அதை வைத்து மடித்து, பேப்பர் சுற்றி, நூல் கட்டித் தம்பி கையில் கொடுத்தாள்.

"பதுளைப் பார்சல். பஸ்ஸுல வந்துச்சு."

தம்பி முழுப் பார்சலையும் தின்றான். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழுதார் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகுதான் நீங்களெல்லாம் வர ஆரம்பித்தீர்கள். ஒருத்தி கோவா இலை கொண்டுவருவாள், ஒருத்தன் விறகு, இன்னொருத்தன் வீட்டுக் கிழங்கு. யாராவது வெறுங்கையோடு வந்தாலும் சின்னம்மா திருப்பி அனுப்பவில்லை. எல்லாருக்கும் இலையில் மடித்துத்தான் தருவாள். பீங்கானில் போட்டால் கடைச் சாப்பாடு ஆகாது என்பாள். அந்த இரண்டு மாதம்தான் லயத்துச் சனம் அவளோடு சிரித்துப் பேசியது. அத்தை மட்டும் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் அத்தையும் ஒருநாள் ஒரு பார்சல் வாங்கிக்கொண்டாள். நான் பார்த்தேன்.

சத்தம் நின்றுபோன அந்த நாள் பள்ளிக்கூட விடுமுறை. காலையிலிருந்தே பனிமூட்டம். நாலு எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அப்பா ஃபெக்டரியில், சின்னம்மா கொழுந்து மலையில். சுட்டுவைத்த ரொட்டி எதுவும் இல்லை. கிழங்கு மட்டும் மூலையில் கிடந்தது. மத்தியானத்துக்குள்ளேயே தம்பி பசி என்று சிணுங்கினான். நானே செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. சின்னம்மா களைத்து வரும்போது அவளுக்கும் ஒரு பார்சல் கட்டி வைக்கலாம் என்று நினைத்தேன். அவள் என்னைப் பாராட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பொய் சொல்லவில்லை.

சின்னம்மா கிழங்கை உரித்து, வெட்டி, ரொம்ப நேரம் தண்ணீரில் போட்டு வைப்பாள். திறந்த சட்டியில் அவிப்பாள். அவித்த தண்ணீரைச் சாக்கடைக் கானில் ஊற்றிவிடுவாள். அதெல்லாம் எதற்கென்று நான் கேட்டதில்லை. விறகு ஈரம், சட்டி கொதிக்கவே மாட்டேன் என்றது. உரித்த கையோடு கிழங்கைப் போட்டு, சீக்கிரம் வேகட்டும் என்று மூடியை இறுக்கி மூடினேன். வெந்ததை மசித்து ரொட்டியாகத் தட்டிச் சுட்டேன். ஆணத்துக்கு வேறு ஒன்றும் இல்லாததால் அவித்த தண்ணீரிலேயே மிளகாய்த்தூளும் உப்பும் போட்டேன்.

தம்பி சட்டியை மோந்து பார்த்தான். "கடை வாசம் இல்லக்கா."

அவன் சொன்னது சரிதான். பதுளை ஹோட்டலில் ஒரு கிண்ணத்தில் இஞ்சியும் உள்ளிப்பூண்டும் நசுக்கி வைத்திருந்தார்கள். அந்த மணம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அத்தைக்கு இரண்டு நாளாக இருமல். தேத்தண்ணியில் தட்டிப் போடுவதற்காக அவள் ஒரு துண்டு இஞ்சி வாங்கி அடுப்புக்கு மேலே வைத்திருந்தாள். அவள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து உள்ளே போய் அதை எடுத்துக்கொண்டு வந்தேன். கல்லில் வைத்து நசுக்கினேன். ஆணத்தில் போட்டதும் அடுப்படியெல்லாம் பதுளை மணந்தது.

என்னால் சின்னம்மா மாதிரி கொத்த முடியவில்லை. கை வலித்தது. ரொட்டி பெரிய பெரிய துண்டுகளாகவே கிடந்தது. தம்பிக்கு அது பெரிதில்லை. அவன் இரண்டு பங்கு தின்றான். வேலை செய்த புகையில் எனக்கு வயிறு நிரம்பிவிட்டதுபோல் இருந்தது. ஒரு வாய்தான் சாப்பிட்டேன். சின்னம்மாவுக்கு ஒரு பார்சல் கட்டித் தட்டில் வைத்தேன்.

அப்போதுதான் அத்தை வாசலில் வந்து நின்றாள்.

"அடுப்புக்கு மேல ஒரு துண்டு இஞ்சி வச்சேன். பூனை இழுத்துட்டுப் போச்சா என்னான்னு தெரியல. நீங்க கண்டீங்களா?"

"இல்லத்த."

"போனா போவுது. அதுவும் நல்லதுக்குத்தான். காலையில மரவள்ளி தின்னுட்டு, மறந்துபோய் இஞ்சித் தேத்தண்ணி ஊத்திக் குடிக்கப் பாத்தேன். ரெண்டும் சேந்தா வெசம். அடுத்த டிவிஷன்ல ஒரு குடும்பமே போயிருக்கு. ஒன்னுக்கு மேல ஒன்னா கெடந்துச்சாம்."

சொல்லிவிட்டு இருமிக்கொண்டே போய்விட்டாள்.

அவள் போன பிறகு திரும்பிப் பார்த்தேன். தம்பி தரையில் உட்கார்ந்து இலையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். அவன் கையிலிருந்து இலையைப் பிடுங்கினேன். அவன் அழுதான். அழுகிறான், அப்படியென்றால் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்தேன்.

ஓடிப்போய் அத்தையிடம் சொல்லியிருக்கலாம். பத்து அடிதான். ஆனால் இஞ்சியைத் திருடியதைச் சொல்ல வேண்டும். காணவில்லை என்று பொய் சொன்னதையும் சொல்ல வேண்டும். அதையெல்லாம் சொல்லிவிட்டு, தம்பிக்கு விஷம் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீர் கரைத்து அவனுக்குக் குடிக்கக் கொடுத்தேன். துப்பிவிட்டான். தூங்கினால் செத்துப்போவான் என்று எனக்கு யார் சொன்னார்களோ தெரியாது, அவன் கையைப் பிடித்து லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்திக்கொண்டே இருந்தேன். மூட்டத்துக்குள் கறுப்பாக ஏதாவது அசைந்தால் மதகுப் பக்கம் இறந்துகிடந்த கிழவர்தான் எழுந்து வருகிறார் என்று நினைத்தேன்.

"கால் வலிக்குதுக்கா."

"இன்னும் ஒரு தரம்."

"தல சுத்துதுக்கா."

அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாயில் கிடத்தினேன்.

சின்னம்மா கொழுந்து எடை போட்டுவிட்டு நாலரை மணிக்கு வந்தாள். தலையில் நனைந்த சாக்கு. தம்பி பாயில் சுருண்டு கிடந்தான். அவளைக் கண்டதும், "அக்கா ஒனக்குப் பார்சல் கட்டி வச்சிருக்கு," என்றான். அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். சாக்கைக்கூட எடுக்காமல் உட்கார்ந்து நூலை அவிழ்த்தாள். சாப்பிடாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வாய் போட்டாள். மெல்லுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

வாயிலிருந்ததை அடுப்புச் சாம்பலில் துப்பினாள்.

"தண்ணியில போட்டு வச்சியா?"

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"மூடி போட்டா அவிச்ச?"

"ம்."

"தண்ணி? தண்ணிய என்னா செஞ்ச?"

நான் ஆணச் சட்டியைக் காட்டினேன். அவள் எழுந்தாள்.

"தம்பி எவ்வளவு தின்னான்?"

"ரெண்டு பங்கு."

அவள் அவனைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து அவன் வாந்தி எடுத்தான். அவள் தோளிலும் முதுகிலும் வழிய வழிய டிஸ்பென்சரிக்கு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். அவளுக்கு மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

டிஸ்பென்சரி ஐயா தம்பியின் கண்ணை இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது. அவர் முகம் மாறியது.

"என்ன சாப்பிட்டான்? யார் சமைச்சது?"

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. கதவுப் பக்கம் அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அத்தையும் வந்திருந்தாள்.

"மரவள்ளிங்க ஐயா," என்றாள் சின்னம்மா. "நான்தான் அவிச்சேன். மூடி போட்டு அவிச்சிட்டேன். தண்ணியையும் ஆணத்துக்கு எடுத்துட்டேன். இஞ்சியும் போட்டேன்."

இஞ்சி என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

தோட்டத்து லொறியில் தம்பியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா ஃபெக்டரி உடுப்போடேயே ஏறினார். சின்னம்மாவும் ஏறப் போனாள். அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வச்ச வெசம் பத்தலையா?" என்று கேட்டாள். அப்பா லொறிக்குள் தம்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். லொறியின் பின்விளக்கு மூட்டத்துக்குள் போனதும் ரோட்டில் சின்னம்மாவும் நானும் அத்தையும் நின்றோம். அத்தை என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்று நாள் நான் அத்தை காம்பராவில் இருந்தேன். நடுச்சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் சின்னம்மா தனியாக இருந்தாள். அவளும் வாந்தி எடுத்தாளா, சாப்பிட்டாளா என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் தொழிற்சங்கத்துத் தலைவர் வந்தார். இஸ்தோப்பில் உட்கார்ந்து விசாரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"இஞ்சி ஏதும்மா ஒனக்கு?"

சின்னம்மா பேசவில்லை.

"எங்க வீட்டு இஞ்சி தலைவரே," என்றாள் அத்தை. "அவ திருடியிருக்கா. தெரியாமப் போட்டவ எதுக்குத் திருடிப் போடணும்? மூத்தாளோட புள்ளை இருந்தா தனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு ஆகாதுன்னு போட்டிருக்கா."

"அவ மலையிலதானே இருந்தா? எப்ப வந்து அவிச்சா?" என்று ஒரு கிழவர் கேட்டார். அந்த ஒருவர்தான் கேட்டார். ஆனால் அத்தை உடனே, "காலையில வேலைப் பெரட்டுக்குப் போகும் முன்னாலேயே அவிச்சு வச்சிட்டுப் போயிருக்கா," என்றாள். கிழவர் தலையை ஆட்டினார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

நான் கதவைத் திறந்து வெளியே போயிருக்க வேண்டும். மூன்று எட்டு. கதவின் தாழ்ப்பாளில் என் கை இருந்தது. தாழ்ப்பாள் குளிர்ந்திருந்தது. தம்பி இறந்துவிட்டால் என்னைப் பொலீஸ் பிடித்துக்கொண்டு போகும், தூக்கில் போடும் என்று நினைத்தேன். தூக்கில் போடுகிற வயது என்ன என்று யாரிடமாவது கேட்க முடியுமா என்றுகூட யோசித்தேன்.

அன்று மூன்று பெண்கள் எங்கள் காம்பராவுக்குள் போய், தகரத்தையும் இரும்புப் பட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் எறிந்தார்கள். யார் யார் என்று இங்கே எழுத மாட்டேன். உங்கள் அம்மாமார்தான். மறுநாள் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிற பெரட்டில் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை என்று அத்தை சந்தோஷமாகச் சொன்னாள்.

அப்பா மூன்றாம் நாள் மத்தியானம் வந்தார், தம்பிக்கு மாற்றுத் துணி எடுப்பதற்கு. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவதைக் கண்டு ரோட்டுக்கே ஓடினேன். அவர் முகத்தைப் பார்த்துத் தம்பி இருக்கிறானா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"கண்ணு முழிச்சிட்டான்," என்றார். "பால் குடிச்சான்."

அங்கேயே தேயிலைச் செடி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, தண்ணீர், இஞ்சி, பூனை இழுத்திருக்கும் என்று அத்தை சொன்னது. அடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் அடிக்கவில்லை. பக்கத்தில் குந்தினார். வெகுநேரம் ஒரு தேயிலை இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில, ஊறப்போடாத கெழங்கோட வெசந்தான் காரணம்னாங்க," என்றார் கடைசியில். "இஞ்சியப் பத்தி ஒன்னும் சொல்லல. இதை இனி யார்கிட்டயும் சொல்லாத."

"சின்னம்மாவ எல்லாரும்..."

"நீ வளர்ற புள்ள. தம்பிக்கு வெசம் வச்சவள்னு ஒரு பேரு விழுந்தா, நாளைக்கு ஒன்னை எவன் கட்டுவான்? அவ பெரியவ. தாங்கிக்குவா. அவளும் அதத்தான் சொல்லுவா."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கியதுபோல இருந்தது. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பாவை அல்ல, அந்த நிம்மதியை.

ஒரு வாரம் கழித்துத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அப்பா இஸ்தோப்பில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "போனது போகட்டும். பொம்பள தெரியாமச் செஞ்சிட்டா. புள்ள பொழைச்சிட்டான். இனிமே யாரும் பேசாதீங்க." தங்கமான மனுஷன் என்று லயமே அவரைப் பாராட்டியது. வேறொருத்தனாக இருந்தால் வெட்டிப் போட்டிருப்பான் என்றார்கள். சின்னம்மா உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாளா என்று தெரியாது.

அதன் பிறகு அவள் கையால் யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அரிசி திரும்பி வந்தது, மாவு வந்தது, கடைகளில் எல்லாம் கிடைத்தது. அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் கொத்து போடவில்லை. நான் பெரியவளானபோது சடங்குச் சமையலில் அவள் கை படக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். சின்னம்மா வெளியே விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தலை நிறையப் பூ. தம்பி வளர்ந்து கல்யாணம் முடிக்கிறவரை, அவள் போட்ட சோற்றை முதலில் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பான். அது அவனுக்கே தெரியாத பழக்கமாகிவிட்டது. அத்தை குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் என்னைக் கட்டிப்பிடித்து, "அவகிட்ட சாக்கிரதையா இரு," என்று அழுதாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அப்பா போய்ப் பதினேழு வருடமாகிறது. சின்னம்மா இப்போது பதுளையில் என்னோடுதான் இருக்கிறாள்.

போன மாதம் உங்களில் ஒருத்தி கோத்தகிரியிலிருந்து எங்களைப் பார்க்க வந்தாள். நாற்பது வருடத்துக்குப் பிறகு. கட்டிப்பிடித்து அழுதோம், பழைய கதையெல்லாம் பேசினோம். சின்னம்மா தடுமாறித் தடுமாறி நடந்துவந்து அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வந்தவள் கோப்பையைப் பார்த்தாள். "இப்பத்தான் வழியில குடிச்சேன் பெரியம்மா," என்று சொல்லி மெதுவாக அதைத் தள்ளி வைத்தாள்.

சின்னம்மா கோப்பையை ஓரமாக எடுத்து வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு அது பழகிப்போன விஷயம். அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. வந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே உங்களுக்கு எழுதியிருப்பதைப்போலவே சொன்னேன். சின்னம்மாவின் எதிரிலேயே சொன்னேன்.

வந்தவள் அழுதாள். சின்னம்மா அழவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா உங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் மறைச்சார்னு நெனச்சேன் சின்னம்மா," என்றேன். "நீங்களும் அதத்தான் சொல்லுவீங்கன்னாரு."

"ஒங்கப்பா எங்கிட்ட ஒன்னுமே கேக்கல," என்றாள் அவள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"நீ நடுங்கிக்கிட்டு நின்ன. அந்த நேரத்துக்குச் சொன்னேன். காலத்துக்கும் சொல்லல புள்ள. நாளைக்குச் சொல்லிடுவா, நாளைக்குச் சொல்லிடுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."